சீகன்பால்கின் எழுத்துகளை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

நூல்தேடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மானிய லுத்தரன் அருட்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத எண்ணி, சில மாதங்களாக அவரது வரலாற்றையும் எழுத்துகளையும் படித்து வருகிறேன். வாழ்க்கைக் குறிப்புகள் எளிதில் கிடைத்துவிடுகின்றன. அவருடைய எழுத்துகளுக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

திருச்சபை வட்டாரங்களில் வெளியாகும் சிறப்பு மலர்கள் அவரைத் தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்றும் தமிழுக்காகவே வாழ்ந்தவர் என்றும் புகழ்கின்றன. இந்நாட்டு வழிபாட்டை இழித்துப் பேச வந்தவர் என்பதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை என்று ஒதுக்குவோரும் இருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், இரு சாராரும் அவர் எழுதியவற்றிலிருந்தே சான்று காட்டுகிறார்கள். அந்தச் சான்றுகள் பொய்யானவையும் அல்ல.

என் ஐயங்கள் இவை. அவர் எழுதியவற்றுள் எதை முதலில் வாசித்தால் மனிதரைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்? தமிழ்த் தெய்வங்களின் வரிசையைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெருநூல் 1867 வரை அச்சேறாமல் கிடந்ததற்கு உண்மைக் காரணம் என்ன? அவருக்குத் தமிழ் கற்பித்தவர்களின் பங்கு அந்த எழுத்துகளில் எவ்வளவு? படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுவடிப்பெட்டி

நல்ல கேள்வி, நண்பரே. முதலில் அந்த அச்சுக்கலைத் தந்தைப் பட்டத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். போர்ச்சுகல் நாட்டு இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய காலத்தில், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டார். மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. சீகன்பால்கு பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்தவை இவை. சீகன்பால்குக்கு உரியது வேறொரு பெருமை. இடையில் ஏறத்தாழ அற்றுப்போயிருந்த தமிழ் அச்சை மீண்டும் தொடங்கி, தமக்குப் பின்னும் தொடர்ந்து இயங்கும் ஓர் அச்சுக்கூடமாக அதை நிலைநிறுத்தியவர் அவர்.

வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். 1682இல் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியலாளர் பிராங்கே நடத்திய பக்தி இயக்கத்தால் ஆட்கொள்ளப்பட்டார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு அருட்பணியாளரை அனுப்ப விரும்பியபோது, ஹென்ரிக் புளுட்சோ என்பவரோடு 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் ஏறி, 1706 ஜூலை 9ஆம் நாள் கரை சேர்ந்தார். 1719 பிப்ரவரி 23ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. இடையில் ஐரோப்பா சென்றுவந்த காலத்தைக் கழித்தால், தரங்கம்பாடியில் அவர் வாழ்ந்தது பத்து ஆண்டுகளைச் சற்றே கடக்கும். அவருடைய எழுத்துகளின் அளவை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் அவருடைய உழைப்பின் வேகம் விளங்கும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. அவருடைய எழுத்துகளை, அவர் காலத்தில் அச்சேறியவை, அச்சேறாமல் கிடந்தவை என்று பிரித்து வாசித்துப் பாருங்கள். தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து தமிழர் கையில் கொடுப்பதற்காக வெளிவந்தவை வேதப் புத்தகப் பகுதிகள், ஞானோபதேசங்கள், கண்டனச் சிறுநூல்கள் ஆகியவை. 1713இல் வந்த முதல் வெளியீடுகளில் ஒன்றே அக்கியானத்தை (அஞ்ஞானத்தை) கடிந்துரைக்கும் நூல்தான். அதே ஆண்டில் அவர் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்து ஹாலேவுக்கு அனுப்பிய தெய்வ வரிசை நூல் முற்றிலும் வேறு குரலில் பேசுகிறது. உருவமற்ற பராபர வஸ்துவில் தொடங்கி, மும்மூர்த்திகள், அவர்தம் குடும்பங்கள், பிறகு ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி முதலிய ஊர்த் தெய்வங்கள், இறுதியில் தேவர்களும் முனிவர்களும் என்று நான்கு பகுதிகளாக அது விரிகிறது. அக்காலத்து ஐரோப்பியர் பலர் கோயில் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்துவிட்டுக் கற்பனைக் கதை எழுதிக்கொண்டிருந்தபோது, இவர் ஊர் எல்லையில் இருந்த தெய்வத்துக்கு யார் பூசை செய்கிறார், என்ன படைக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரு சாராரும் மேற்கோள் காட்ட முடிவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது: முதல் சாரார் அச்சேறாததிலிருந்தும் இரண்டாம் சாரார் அச்சேறியதிலிருந்தும் எடுக்கிறார்கள்.

அந்நூல் ஏன் கிடப்பில் போடப்பட்டது என்பதற்கு மரபாகச் சொல்லப்படும் விடை, அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்று பிராங்கே கருதினார் என்பதாகும். இதை அப்படியே ஏற்கலாம் என்பது என் எண்ணம். பிராங்கேயின் அலுவலகம் தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களைத் தேர்ந்தெடுத்தும் திருத்தியும் 1710 முதல் ‘ஹாலே அறிக்கைகள்’ என்ற தொடராக வெளியிட்டு வந்தது. அந்தத் தொடரை வாசித்து நன்கொடை அனுப்பிய புரவலர்களுக்கு மனமாற்றச் செய்திகள் தேவைப்பட்டன. பிடாரிக்குப் படையல் எப்படி நடக்கும் என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1711இல் எழுதிய மற்றொரு பெருநூலான ‘மலபார் அஞ்ஞானம்’ (அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே குறித்தனர்) இன்னும் நெடுங்காலம் காத்திருந்து 1926இல் டச்சு அறிஞர் காலண்ட் பதிப்பில்தான் வெளிவந்தது.

ஒரு பதிப்பு எச்சரிக்கையும் உண்டு. 1867இல் சென்னையில் கெர்மன் என்பவர் வெளியிட்ட தெய்வ வரிசைப் பதிப்பும், அதை ஒட்டி 1869இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் பதிப்பாசிரியர் கைபட்டவை. சீகன்பால்கு எழுதியது எது, பின்னால் சேர்க்கப்பட்டது எது என்று எளிதில் பிரிக்க முடியாது. மூலச் சுவடியை ஒட்டி டேனியல் ஜெயராஜ் 2003இல் ஜெர்மனிலும் 2005இல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்த பதிப்புகளையே பயன்படுத்துங்கள்.

திண்ணைவாசி

மேலே உள்ள விளக்கம் பெரும்பாலும் சரியே. ஆனால் வாசிப்பை அந்தப் பெருநூலிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். 1708இல் அவர் தொகுத்த தமிழ்ச் சுவடிகளின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். நூல்தேடி அவர்களின் மூன்றாவது கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அவர் தமிழ் கற்ற முறை பலராலும் சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்து வந்ததே தவிரப் பொருள் விளங்கவில்லை. அந்த ஆசிரியருக்குப் போர்ச்சுகீசிய மொழி தெரியாது, இவர்களுக்குத் தமிழ் தெரியாது. பிறகு, டேனிஷ் வணிகக் கம்பெனியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவரும் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவருமான அழகப்பன் அமர்த்தப்பட்டார். ஐரோப்பிய ஆவணங்களில் இவர் பெயர் ‘அலேப்பா’ என்று உருமாறிக் கிடப்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

1708 ஆகஸ்டில் சீகன்பால்கு எழுதிய ஒரு கடிதத்தில் தம் அன்றாட ஒழுங்கை விவரிக்கிறார். கட்டுரையில் அதை நீங்கள் விரிவாகவே எடுத்தாளலாம். காலையில் முதல் நாள் கற்ற சொற்களை ஒருமுறை ஓதிப் பார்த்துக்கொள்வார். எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை, தாம் முன்பு வாசித்திராத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பார். அருகில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் கடினமான இடங்களுக்கும் கதைகளுக்கும் விளக்கம் சொல்ல, எழுத்தர் புதிய சொற்களையும் தொடர்களையும் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் வாசிப்பு. விளக்கு வெளிச்சத்தில் கண் ஒத்துழைக்காததால், இரவில் ஒரு தமிழ் எழுத்தர் வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற விரும்பிய நடையுள்ள ஆசிரியர்களையே அதற்குத் தேர்ந்தெடுத்து, பிடித்தவற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒழுங்கின் விளைவுதான் அந்தப் பட்டியல். தம்மிடமிருந்த நூல்களை அவர் வகைப்படுத்தினார்: தாம் எழுதியவை, கத்தோலிக்கர் எழுதியவை, இந்நாட்டுச் சமயத்தார் நூல்கள், இசுலாமியர் நூல்கள் என்று. இவற்றுள் மூன்றாவது வகையில் மட்டும் 119 நூல்கள். அவற்றில் தொல்காப்பியமும் திருக்குறளும் உண்டு, சிறுவர் பள்ளியில் ஓதும் நீதி நூல்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயரோடு நிற்காமல், என்ன பொருள் பற்றியது, யார் வாசிக்கிறார்கள், எவ்வளவு கடினம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். தமிழ் இலக்கியத்துக்கு ஐரோப்பியர் ஒருவர் தயாரித்த இத்தகைய விளக்கப் பட்டியல் அதற்கு முன் இல்லை. இறந்துபோனவர்களின் மனைவியரிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கிவர ஆட்களை ஊர் ஊராக அனுப்பியதாக அவரே குறிப்பிடுகிறார். அந்தச் செய்தி எனக்கு எப்போதும் சற்று உறுத்தலாகவே இருக்கும். விற்றவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று அவர் எழுதவில்லை. இந்தப் பட்டியலை வில் ஸ்வீட்மன், இலக்குவன் ஆகியோர் 2012இல் விரிவான குறிப்புகளோடு பதிப்பித்துள்ளனர்.

பட்டியலைத் தொகுத்த அதே 1708இல் சீகன்பால்கு கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். அதன் முன்னுரையில், இம்மக்களுக்கு ஒழுங்கான மொழியோ நெறியோ இருக்காது என்று தாமும் முதலில் எண்ணியிருந்ததாகவும், அவர்களுடைய நூல்களை வாசிக்கத் தொடங்கிய பின்னரே அந்த எண்ணம் கலைந்ததாகவும் எழுதுகிறார். வந்து இரண்டே ஆண்டுகளில் இப்படி எழுதியவர், ‘மலபார் அஞ்ஞான’த்தில் சிவவாக்கியர் பாடல்களை அடிக்கடி எடுத்துக்காட்டுவதில் வியப்பில்லை.

இங்கேதான் சுவடிப்பெட்டி அவர்களோடு எனக்கு ஒரு வேறுபாடு. அச்சேறியது கண்டனம், அச்சேறாதது ஆய்வு என்று பிரிப்பது வசதியானதுதான். ஆனால் சிவவாக்கியரை அவர் எடுத்தாண்டது எதற்காக என்று பாருங்கள். உருவ வழிபாட்டைச் சாடும் ஒரு குரல் தமிழுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவருக்குப் பிரசங்கத்தில் பயன்பட்டது. ஆய்வும் கண்டனமும் ஒரே மேசையில், ஒரே மனிதர் கையால் எழுதப்பட்டவை. நீதி நூல்களை மனமாரப் பாராட்டிய அதே காலத்தில், அந்த அறிவு மீட்புக்குப் போதாது என்ற கருத்தில் அவர் ஓர் அங்குலமும் நகரவில்லை. இதை மறைத்து எழுதும் கட்டுரை எந்தச் சாராருக்கும் பயன்படாது.

ஆசிரியர்களின் பங்குக்கு இன்னொரு நேரடிச் சான்று, தமிழர்கள் எழுதிய மறுமொழிக் கடிதங்கள். சீகன்பால்கும் அவருடைய உடனுழைப்பாளர் கிரூண்ட்லரும் 1712 முதல் தமிழர்களிடம் சமயம், வழக்கங்கள், மருத்துவம், கிறித்தவர்களைப் பற்றிய கருத்து என்று வினாக்கள் அனுப்பி விடைகள் பெற்றனர். ஏறத்தாழ நூறு கடிதங்கள், ஜெர்மன் மொழிபெயர்ப்பில், 1714இலும் 1717இலும் ஹாலேயில் அச்சாயின. கிறித்தவர்கள் மது அருந்துவதையும் மாட்டிறைச்சி உண்பதையும் தூய்மையற்று வாழ்வதையும் அவற்றில் தமிழர்கள் வெளிப்படையாகக் குறைகூறுகிறார்கள். பலவற்றை அழகப்பனே எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. தமிழ் மூலங்கள் நமக்கு எட்டவில்லை. மொழிபெயர்த்தவர்கள் ஓரங்களில் சேர்த்த மறுப்புக் குறிப்புகளோடுதான் இன்று அவற்றை வாசிக்கிறோம். இந்தக் கடிதங்கள் அவர் காலத்திலேயே அச்சேறின என்பதையும் சுவடிப்பெட்டி அவர்கள் தம் பிரிவினைக்குள் எங்கே வைப்பார் என்று அறிய விரும்புகிறேன்.

சுவடிப்பெட்டி

நியாயமான மறுப்பு. மறுப்புக் குறிப்பு ஓரத்தில் நின்றதால்தான் அவை அச்சேற முடிந்தன என்பேன். தெய்வ வரிசை நூலில் அப்படிப் பக்கத்துக்குப் பக்கம் காவல் இல்லை. என்றாலும், ‘ஒரே மேசை’ என்று நீங்கள் சொன்னது என் பிரிவினையை விடத் துல்லியமானது.

நூல்தேடி

இருவருக்கும் மிக்க நன்றி. எதிர்பார்த்ததை விட மிகுதியாகவே கிடைத்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். டேனிஷ் அதிகாரிகளே அவரைச் சிறையில் அடைத்தார்கள் என்று படித்தேன். அரசர் அனுப்பிய ஒருவரை அரசரின் அதிகாரியே அடைப்பது எப்படி நடந்தது? அடுத்து, அவருடைய புதிய ஏற்பாட்டின் தமிழை வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார் என்கிறார்கள். அந்த எள்ளல் பொருத்தமானதா?

அச்சுக்கோப்பாளர்

தாமதமாக வந்தாலும் இந்த இரண்டுக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

சிறைவாசத்தின் உடனடிக் காரணம், கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கு. அவளுடைய இறந்துபோன கணவனுக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலில் அவளுக்கு அநீதி நேர்ந்தது என்று சீகன்பால்கு தலையிட்டார். தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் தளபதி ஹாசியஸ் அதைத் தம் அதிகாரத்துக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகக் கொண்டு, 1708 நவம்பரில் அவரைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதங்கள் கழித்து 1709 மார்ச்சில்தான் விடுவித்தார். ஆழத்தில் இருந்த காரணம் வேறு. வணிகக் கம்பெனிக்குத் தஞ்சை அரசோடும் ஊர்ப் பெரியவர்களோடும் சச்சரவின்றி வணிகம் நடந்தால் போதும்; மதம் மாற்ற வந்தவர்கள் அதற்கு இடையூறு. 1707 மே மாதம் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தம் அடிமைகள் தமக்குச் சமமாக ஆலயத்தில் அமர்வதை எந்த எசமானர் விரும்பியிருப்பார்? அரசரின் கடிதம் கோபன்ஹேகனிலிருந்து வர மாதக் கணக்கில் ஆகும். தளபதியின் ஆணையோ அன்றைக்கே நடக்கும்.

புதிய ஏற்பாட்டை அவர் 1708 அக்டோபரில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சிறைவாசம் இடையில் புகுந்தும், 1711 மார்ச்சில் முடித்துவிட்டார். அச்சிடுவதுதான் பெரும்பாடு ஆயிற்று. லண்டனிலிருந்து ஆங்கிலேயக் கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி வந்த கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டனர். பொறி மீட்கப்பட்டது, உடன்வந்த அச்சாளர் வழியிலேயே காய்ச்சலில் இறந்தார். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தபோது, அவை மிகப் பெரியனவாக இருந்தன. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் கையில் உள்ள காகிதம் தீர்ந்துவிடும். எனவே தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்க்க ஏற்பாடாயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பேழைகளின் ஈயத் தகட்டை உருக்கி வார்த்தார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது. தொழில் பழகியவன் என்ற முறையில், மெய்யெழுத்து, உயிர்மெய், கொம்பு, கால் என்று தமிழுக்குத் தேவைப்படும் அத்தனை அச்சுகளையும் அந்த வசதியில் வார்த்தெடுத்த கைகளை நினைத்தால் எனக்கு மொழிபெயர்ப்பைக் காட்டிலும் இதுவே பெரிய காரியமாகத் தோன்றுகிறது, மற்றவர்கள் பொறுத்தருள்க. நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வந்தன. எஞ்சியவை 1715இல் முடிந்தன. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

வீரமாமுனிவரின் எள்ளல் உண்மைதான். ஆனால் அது சீகன்பால்கு இறந்த பிறகு, லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் ஆள் பிடிக்கும் போட்டி முற்றிய காலத்தில் எழுந்தது. ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகியவற்றில் அவர் தரங்கம்பாடியாரின் கொள்கையைத் தாக்குகிறார். அவர்கள் தமிழையும் விட்டுவைக்கவில்லை. பொருத்தமானதா என்றால், ‘தேம்பாவணி’ எழுதியவரின் செவிக்கு அந்த உரைநடை கரடுமுரடாகத்தான் ஒலித்திருக்கும். தொடர்கள் பல இடங்களில் நீண்டு தடுக்குகின்றன. ஜெர்மன் வாக்கியத்தின் எலும்பு வெளியே தெரியும் இடங்கள் உண்டு. அதே வேளையில், சீகன்பால்கு புலவர்களுக்காக எழுதவில்லை. செந்தமிழ் நூல்களை நாள்தோறும் பாடம் கேட்டவர், தம் சபையில் இருந்த வேலைக்காரர்களும் ஏழைகளும் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளும் பேச்சுத் தமிழை அறிந்தே தேர்ந்தெடுத்தார். ஹாலேயில் 1716இல் இலத்தீனில் வெளியான அவருடைய தமிழ் இலக்கணமும் பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்டதே. அதை ஐரோப்பாவுக்குச் சென்ற பயணத்தின்போது கப்பலில் எழுதினார் என்பதும், ஐரோப்பாவுக்கு அவரோடு சென்ற மலையப்பன் என்னும் தமிழர் அப்பணிகளில் உதவினார் என்பதும் உங்கள் மூன்றாவது கேள்விக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை.

பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பில் ரூத் நூல் வரை வந்தபோது அவர் காலம் முடிந்தது. எஞ்சியதை அவருக்குப் பின்வந்த அருட்பணியாளர் பெஞ்சமின் சூல்ட்சே 1728க்குள் முடித்தார். கடைசி ஆண்டுகளில் சீகன்பால்கை வாட்டியது தரங்கம்பாடி வெயிலை விட, அருட்பணியாளர்கள் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பணம் செலவிடக் கூடாது, வெறுங்கையோடு சுற்றிப் பிரசங்கிக்க வேண்டும் என்று கோபன்ஹேகனில் இருந்த அருட்பணி அலுவலகத்தின் செயலாளர் வெண்ட் எழுதிய கடுமையான கடிதங்கள்தாம். 1718இல் மங்கலப்படைப்பு நடந்த புதிய எருசலேம் ஆலயம் அந்தக் கட்டளைக்கு நேர் எதிரானது. அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். கட்டுரையில் சிறைவாசத்தை மட்டும் பெரிதாக்கி இந்தக் கடிதப் போரை விட்டுவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வாசிப்பு வரிசையைப் பொறுத்தவரை நானும் திண்ணைவாசி அவர்கள் பக்கமே: முதலில் 1708 பட்டியல், அடுத்து தமிழர்களின் மறுமொழிக் கடிதங்கள், அதன் பிறகு தெய்வ வரிசை நூல்.